டேப்பக்கா கட்டிய கம்ப்யூட்டர்

மரப்பட்டறையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் எப்போதும் ஒரு இரும்பு டேப்பு தொங்கும். நாற்காலி வாங்கப் போனாலும் அளப்பாள், தலையணை உறை தைக்கக் கொடுத்தாலும் அளப்பாள். ஒருமுறை பஸ்ஸில் சீட்டை அளந்து பார்த்துவிட்டு, முழங்காலுக்கு இடம் விடாமல் அதைக் கட்டியவனைக் கிழி கிழியென்று கிழித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பான அளவைக் கண்டால் வயிறு எரியும், அவ்வளவுதான்.

பட்டறை அவளுடைய அண்ணனுடையது. சமையலறை அலமாரிகள் செய்கிற பட்டறை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணம் கசந்துபோய், ஒரு பெட்டியோடு அவள் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "உள்ள வா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக ஆயுசுக்கும் நன்றியோடு இருப்பாள். ஆனால் நன்றியோடு இருப்பது வேறு, வாயை மூடிக்கொண்டு இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிற ஆள் அவள் இல்லை.

முதல் இரண்டு வருஷம் பட்டறையில் அவளுக்கு ஃபோன் எடுக்கிற வேலை. வாடிக்கையாளர் கேட்பதை அண்ணனிடம் சொல்ல வேண்டும், அண்ணன் சொல்வதை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். நடுவில் இருக்கிற வாய் மட்டும்தான் அவளுடையது. ஒரு நாள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு அலமாரியை வரைந்து, "இந்த இழுப்பறை திறந்தா அடுப்புல இடிக்கும்" என்று காட்டினாள். அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து படம் போடுகிற வேலை அவளுக்கு வந்தது. பிறகு கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டாள். பட்டறையின் மூலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்த இடம் அதுதான்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது.

தெருமுனையில் ஒரு ஷோரூம் திறந்திருந்தார்கள். வாடிக்கையாளரைச் சோபாவில் உட்காரவைத்து, பெரிய திரையில் அவர்களுடைய சமையலறைக்குள்ளேயே நடக்கவைத்துக் காட்டினார்கள். கதவு திறக்கும், விளக்கு எரியும், ஜன்னல் வெளிச்சம் மேடைமேல் விழும். அண்ணனிடம் வருகிறவர்கள் தாளில் இருக்கிற கோட்டைப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்து போனார்கள். ஒரு வருஷமாக அவள் வீடியோ பார்த்துப் பார்த்து அந்த நடக்கிற படம் போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். கம்ப்யூட்டர்தான் மூச்சு வாங்கியது. படம் ஓடவில்லை, நொண்டியது.

கம்ப்யூட்டரும் அவள் கட்டியதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் மதர்போர்டு, பிராசஸர், பவர் சப்ளை என்று ஒவ்வொன்றாக வாங்கிவந்து, வீட்டு மேஜையில் பரப்பி, தானே பூட்டினாள். பெட்டிக்கு மட்டும் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊருக்கெல்லாம் அலமாரி அடிக்கிறவன் தங்கச்சி கடையில தகரப் பெட்டி வாங்குவாளா? நீ படம் போட்டுக் குடு, நான் அடிக்கிறேன்." அவளும் வரைந்து கொடுத்தாள். நல்ல பிளைவுட்டில், காற்றுப் போகத் துளைகள் வைத்து, பாலிஷ் போட்டு, பார்ப்பவர்கள் தடவிப் பார்க்கிற மாதிரி ஒரு பெட்டி செய்துகொடுத்தார். வாடிக்கையாளர்களிடம் படத்தைவிடப் பெட்டியைத்தான் முதலில் காட்டுவார்.

நடக்கிற படம் ஓட வேண்டுமென்றால் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். புதன்கிழமை வாங்கிவந்தாள். செங்கல் கனம், இரண்டு விசிறி. பட்டறையிலிருந்து கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பெட்டியைத் திறந்து, கார்டை ஸ்லாட்டில் வைத்து அழுத்தினாள். உள்முனையில் பூட்டு 'டிக்' என்று விழுந்தது. பவர் கேபிளைச் சொருகினாள். மானிட்டர் கேபிளைப் பழைய இடத்திலிருந்து பிடுங்கி, கார்டின் முதுகில் சொருகினாள். பட்டனை அழுத்தினாள்.

விசிறி இரண்டும் ஜம்மென்று சுற்றின. மானிட்டரில் மட்டும் 'சிக்னல் இல்லை' என்று எழுத்து வந்தது. நாலு நொடி நின்றுவிட்டு, அதுவும் அணைந்துபோனது.

கேபிளைப் பழையபடி மதர்போர்டிலேயே சொருகினால் கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது. உள்ளே தேடினால் அப்படியொரு கார்டு இருக்கிற தடயமே இல்லை. கண் முன்னால் விசிறி சுற்றுகிறது, கம்ப்யூட்டரோ யாரும் வரவில்லை என்கிறது.

கழற்றினாள், மாட்டினாள். கார்டின் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்தாள். கேபிளை மாற்றினாள். அண்ணியின் டிவியைத் தூக்கிவந்து, மானிட்டருக்குப் பதிலாக அதை வைத்துப் பார்த்தாள். மதர்போர்டின் அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொன்றாக மாற்றினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒன்றும் சிக்கவில்லை.

"என் டிவியும் போச்சா?" என்றாள் அண்ணி.

"போகலை அண்ணி."

"போகலைன்னா திருப்பி வை. உனக்குத் தெரியாத வேலையில எதுக்கும்மா கையை வைக்கணும்? ஆளைக் கூப்பிட்டா வந்து பார்த்துட்டுப் போறான்."

"நான்தான் அண்ணி ஆளு" என்று சொல்லிவிட்டு, டிவியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கார்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் மேஜைமேல் சோதனைக்கென்று ஒரு மதர்போர்டை வெறுமனே படுக்கவைத்திருந்தார். அதில் கார்டைக் குத்தி, ஸ்விட்சைத் தட்டினார். படம் பளிச்சென்று வந்தது. அவர் அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்குப் பதில் கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"கார்டு நல்லாத்தான்மா இருக்கு. யாரு பூட்டினது?"

"நான்தான்."

"அதானே பார்த்தேன். வீட்டுல யாராவது ஆம்பளைங்க இருந்தா மெஷினைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க. நம்ம பையன் ஒழுங்காப் பூட்டிக் குடுப்பான். ஏதோ மரப்பெட்டின்னு சொன்னீங்களே, அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு நல்ல தகரப் பெட்டியா ஒண்ணு வாங்கிக்குங்க."

"உங்க பையன் பூட்டுற மெஷின்ல எத்தனை திரும்பி வருது?"

கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

"சொல்லுங்க. நான் முதல் தடவை பூட்டினது ஆறு மாசம் ஓடியிருக்கு. இந்தக் கார்டும் ஓடும். ஓட வெச்சுட்டு வந்து உங்ககிட்டயே சொல்றேன்."

சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் வாய்தான் அவளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. மனசு பின்னால் பயந்துகொண்டே வந்தது. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ? ஒருவேளை நான்தான் எங்கேயோ கெடுத்துவிட்டேனோ?

பட்டறையில் அண்ணன் காத்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னான்?"

"கார்டு நல்லா இருக்குதாம்."

"அப்போ உன் மெஷின்தான் கோளாறு." அவர் பென்சிலைக் காதில் செருகினார். "இங்க பாரு. நாளைக்கு நாலு மணிக்குப் பல் டாக்டரம்மா வராங்க. ரெண்டு வீட்டு வேலை. அவங்களும் ஷோரூம் பக்கம் போயிட்டா நான் ரெண்டு ஆளை நிறுத்தணும். படம் ஓடுச்சுன்னா சரி. ஓடலைன்னா, திங்கக்கிழமையிலேருந்து வெளிய ஒருத்தன்கிட்ட படத்தைக் குடுத்துடறேன். பேசி வெச்சுட்டேன்."

"அப்போ நான்?"

"நீ ஃபோனைப் பார்த்துக்கோ. உன்னை யாரு போகச் சொன்னா?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பதினாறு வருஷம் படம் போட்டவளை மறுபடியும் அந்த நடு வாயாக உட்காரவைக்கப் போகிறார், அதுவும் அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை காலை காபியைக்கூடக் குடிக்காமல் கம்ப்யூட்டரை மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். இதுவரை பெட்டிக்குள் கையை விட்டுத்தான் ஒவ்வொன்றாக மாற்றியிருந்தாள். இன்றைக்கு வேறு மாதிரி செய்யலாம் என்று தோன்றியது. கடைக்காரர் மதர்போர்டை வெறுமனே படுக்கவைத்துத்தானே சோதித்தார்? தானும் அப்படியே செய்து பார்த்தால் என்ன? மதர்போர்டை வெளியே எடுத்து ஒரு அட்டைமேல் படுக்கவைத்தாள். கார்டைக் குத்தினாள். பவர் பட்டன் பெட்டியோடு போய்விட்டதால், ஸ்க்ரூ டிரைவர் முனையால் மதர்போர்டிலிருந்த இரண்டு ஊசிகளைத் தொட்டாள்.

திரை எரிந்தது.

"அண்ணி!" என்று கத்தினாள். அண்ணி ஓடிவந்து, எதுவும் தீப்பிடிக்கவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

எல்லாவற்றையும் மறுபடி பெட்டிக்குள் பூட்டினாள். சிக்னல் இல்லை. வெளியே எடுத்தாள், எரிந்தது. உள்ளே வைத்தாள், இல்லை. கார்டும் நல்லது, மதர்போர்டும் நல்லது, பூட்டிய கையும் நல்ல கைதான். மிச்சம் இருப்பது பெட்டி மட்டும்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று நாளாக எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறாள். கேபிளை, கார்டை, கடைக்காரரை, எல்லாரையும்விட அதிகமாகத் தன்னையே. அண்ணன் வேலையை மட்டும் சந்தேகப்படவில்லை. பஸ் சீட்டைக்கூட அளந்தவள் அந்தப் பெட்டியை அளக்கவே இல்லை. அண்ணன் செய்தால் சரியாகத்தான் இருக்கும், தங்கச்சி செய்தால்தான் தப்பாக இருக்கும் என்று ஊர் சொன்னதை அவளும் நம்பியிருக்கிறாள். அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது.

டேப்பை வைத்துவிட்டு இரும்பு ஸ்கேலை எடுத்தாள். கார்டின் வெளிமுனையில் ஒரு தகடு இருக்கும். அதன் தலை மடங்கிவந்து பெட்டியின் பின்பக்க விளிம்பில் உட்கார வேண்டும், அங்கே ஒரு ஸ்க்ரூ. அந்த விளிம்பை அளந்தாள். அவள் படத்தில் போட்டதைவிட இரண்டு மில்லிமீட்டர் உயரம். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். பிளைவுட்டின் வெட்டுமுகம் தெரியாமல், அதன்மேல் மெல்லிய தேக்குப்பட்டை ஒன்று அழகாக ஒட்டப்பட்டிருந்தது. பீடிங்.

அண்ணன் பட்டறையில் அது ஒரு சட்டம். பீடிங் போட்டு மூடாத விளிம்பு வாசலைத் தாண்டக் கூடாது. அலமாரிக்கு உள்ளே, யாரும் கை விடாத மூலையில்கூட விளிம்பை மூடித்தான் அனுப்புவார். தங்கச்சியின் கம்ப்யூட்டருக்கு மட்டும் மூடாமல் விடுவாரா? ஆசை ஆசையாக ஒட்டியிருக்கிறார். அந்த இரண்டு மில்லிமீட்டர் ஆசையால் கார்டின் வெளிமுனை தூக்கிக்கொண்டு நின்றது. உள்முனை பூட்டில் விழுந்ததால் 'டிக்' என்ற சத்தம் கேட்டது. வெளிமுனைப் பற்கள் ஸ்லாட்டில் சரியாகப் படவே இல்லை. விசிறிக்குத் தனி கேபிளில் கரண்ட் வந்ததால் அது பாட்டுக்குச் சுற்றியது. ஆறு மாதமாக அந்த விளிம்பில் உட்கார ஒன்றும் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

மணி ஒன்றரை. எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

"அண்ணே, பெட்டியில தப்பு இருக்கு."

ரம்பம் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாள். கேட்டிருந்தது. அவர் கையைத் தூக்கினார், ரம்பம் நின்றது. வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொன்ன?"

"பெட்டி. கார்டு உட்கார்ற விளிம்பு ரெண்டு எம்எம் ஏறியிருக்கு. பீடிங் ஒட்டியிருக்கீங்க. என் படத்துல பீடிங் கிடையாது."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இருபத்தெட்டு வருஷமா அடிக்கிறேன். என் வேலையில ரெண்டு எம்எம் தப்புன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்லை."

"நான் சொல்றேன். ஸ்கேல் இந்தா இருக்கு, அளந்து பாருங்க."

அவர் அளக்கவில்லை. அளந்தால் தெரிந்துவிடும் என்று அவருக்கும் தெரியும். "பீடிங்கை எடுத்தா விளிம்பு பல்லிளிச்சுட்டு நிக்கும். அந்தக் கார்டோட தகட்டை ராவிக்கலாம். அரம் எடுத்துட்டு வரச் சொல்லு."

"கார்டு சரியான அளவுல இருக்கு. தப்பா இருக்கிறதைத்தானே வெட்டணும்? சரியா இருக்கிறதை எதுக்கு ராவணும்?"

"என் பெட்டியில யாரும் உளி வைக்கக் கூடாது."

"அது என் பெட்டிண்ணே. எனக்குன்னு அடிச்சுக் குடுத்தீங்க. உள்ள இருக்கிறது அத்தனையும் நான் பூட்டினது. மூணு நாளா எல்லாரும் என் கையைத்தான் குத்தம் சொன்னீங்க. கடைக்காரர் சொன்னாரு, அண்ணி சொன்னாங்க, நீங்க சொன்னீங்க. நானும் நம்பிட்டேன். இனிமே நம்ப மாட்டேன்."

பெஞ்சுமேல் கிடந்த உளியை எடுத்தாள். அந்தப் பட்டறையில் அவள் ஆயுதத்தைத் தொட்டதே இல்லை. பென்சில் அவளுக்கு, உளி அவர்களுக்கு என்று யாரும் சொல்லாமலே ஒரு கோடு இருந்தது. பதினாறு வருஷம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்த வேலைதான். உளியைச் சாய்த்துப் பிடித்து, பட்டைக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் வைத்து, சுத்தியால் தட்டினாள். பட்டை பாதிவரை நன்றாக வந்தது. பிறகு பிளைவுட்டில் ஒரு சிராயையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. பாலிஷ் போடுகிறவர் 'அச்சோ' என்றார். அவள் நிறுத்தவில்லை. மிச்சத்தையும் எடுத்துவிட்டுத்தான் உளியை வைத்தாள்.

அண்ணன் கைகட்டி நின்றார்.

கார்டை வைத்து அழுத்தினாள். இந்தத் தடவை தகட்டின் தலை விளிம்பில் படிந்து உட்கார்ந்தது. ஸ்க்ரூவை முடுக்கினாள். மானிட்டர் கேபிளைச் சொருகினாள், பட்டனை அழுத்தினாள்.

சிக்னல் இல்லை.

வேலையாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை பேச்சும் பேசிவிட்டு இப்படி நிற்கிறோமே என்று அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை இவர்கள் முன்னால் விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அந்த ஒயர் தொங்குது" என்றார் அண்ணன்.

பவர் கேபிள். அவசரத்தில் கார்டில் சொருகாமல் விட்டிருந்தாள். கம்ப்யூட்டரை அணைத்து, கேபிளைச் சொருகி, மறுபடி பட்டனை அழுத்தினாள். விசிறி சுற்றியது. திரை எரிந்தது. பல் டாக்டரம்மாவின் சமையலறை மெதுவாக உள்ளே வந்து நின்றது. மவுஸை நகர்த்தினாள். படம் நொண்டவில்லை, நடந்தது. பாலிஷ்காரர் வாயைப் பிளந்துகொண்டு, "டேப்பக்கா, அந்தக் கதவைத் திறங்க" என்றார். திறந்தாள்.

அண்ணன் பெட்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து, பிய்ந்துபோன விளிம்பை விரலால் தடவினார். "சாயங்காலம் இதுக்கு மெல்லிசா ஒரு பட்டை ஒட்டிடறேன்" என்றார்.

"வேண்டாம்."

"அசிங்கமா இருக்குது."

"இருக்கட்டும். திங்கக்கிழமைக்குப் பேசி வெச்ச ஆளை வேண்டாம்னு சொல்லிடுங்க."

அவர் திரும்பிப் போய் ரம்பத்தை ஓட்டச் சொன்னார்.

நாலு மணிக்குப் பல் டாக்டரம்மா வந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அண்ணன் பக்கத்தில் நின்றார். டேப்பக்கா டாக்டரம்மாவைத் திரையில் இருந்த சமையலறைக்குள் கூட்டிப்போனாள். ஜன்னலைத் திறந்தாள், மேல் அலமாரியைத் திறந்தாள், காலை வெளிச்சத்தையும் மாலை வெளிச்சத்தையும் காட்டினாள். டாக்டரம்மா இரண்டு தடவை, "அட, இது எங்க வீடுதான்" என்றார்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மெஷின்ல சின்னதா ஒரு கோளாறு இருந்துச்சுங்க, சரி பண்ணிட்டோம்" என்றார்.

"மெஷின்ல கோளாறே இல்லைங்க" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பெட்டி அளவு தப்பா இருந்துச்சு. வெட்டி எடுத்துட்டேன்."

டாக்டரம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவர் இல்லையென்று சொல்லவும் இல்லை.

"எல்லாம் சரி" என்றார் டாக்டரம்மா. "அந்த ஃபிரிட்ஜை மட்டும் இந்த மூலைக்குக் கொண்டுவந்துடலாமா? வாசலுக்குப் பக்கமா இருந்தா எனக்குச் சௌகரியம்."

வாடிக்கையாளர் எது கேட்டாலும் அண்ணனிடம் ஒரே பதில்தான் இருக்கும், அதுக்கென்ன பண்ணிடலாம் என்று. பிறகு பட்டறையில் வந்து தலையில் அடித்துக்கொள்வார். இப்போதும், "அதுக்கென்ன..." என்று ஆரம்பித்தார். பாதியில் நின்றார். தங்கச்சியைப் பார்த்தார்.

"அவளைக் கேளுங்க" என்றார்.

அவள் ஃபிரிட்ஜை இழுத்து மூலையில் வைத்தாள். கதவைத் திறந்து காட்டினாள். அது பாதி திறந்து சுவரில் இடித்து நின்றது.

"முடியாதுங்க" என்றாள்.